பாய்க்கு எங்கிருந்து வருகிறது குளிர்ச்சி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காட்பாடியில் எங்கள் வீட்டுக் கட்டில் காலியாகிவிடும். பரண்மேல் சுருட்டி வைத்த கோரைப்பாயை இறக்கி உதறுவார் ஆயா. "மெத்தை சூடு, பாய் குளிர்ச்சி" என்பது அவர் தீர்ப்பு.

உண்மையில், ஒரே அறையில் கிடக்கும் பாயும் மெத்தையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். சூடு நம்முடையது. சும்மா படுத்திருக்கும் உடம்பே சுமார் 70 வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளியிடுகிறது. தூங்கும்போது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் இறங்க வேண்டும். இறங்க வழியில்லை என்றால் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

கிழிந்த தலையணையிலிருந்து கொஞ்சம் இலவம்பஞ்சை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நனையாமல் மிதக்கும். ஒவ்வோர் இழையும் மெழுகு பூசிய நுண்குழாய். உள்ளே பெரும்பாலும் காற்று. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். அசையாத காற்று, தண்ணீர் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. மெத்தையில் அமிழ்ந்த முதுகின் சூடு அங்கேயே தேங்கிவிடுகிறது, வியர்வையும் ஆவியாவதில்லை.

கோரைத் தண்டின் உள்ளும் தக்கை போன்ற காற்றறைகள் உண்டு. ஆனால் பாயின் கனம் சில மில்லிமீட்டர்தான். சூடு அதைக் கடந்து சிவப்பு சிமெண்டுத் தரைக்குள் இறங்கிப் பரவிவிடுகிறது. கோரைகளின் இடைவெளியில் கொஞ்சம் காற்றும் புகும். குளிர்ச்சி தருவது தரை. பாய் வழிமறிக்காமல் இருக்கிறது, அவ்வளவே.

இதற்குச் சாட்சி மொட்டை மாடி. பகலெல்லாம் வேலூர் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் தோசைக்கல்தான். அங்கே அதே பாய் கைவிட்டுவிடும். அதனால்தான் பொழுது சாயும்போது குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்கிறோம். ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். குழாய் வழியே வழிந்தோடும் தண்ணீரால் அவ்வளவு பலன் இல்லை. தரையை நனைத்து நிற்பதுதான் வேலை செய்கிறது. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் இந்த வித்தை மந்தம். எங்கள் ஊர் கோடைக்காற்று காய்ந்தது, சீக்கிரம் உறிஞ்சிவிடும்.

மார்கழியில் ஆயா பாயின்மேல் பழைய சேலைகளை நாலாக மடித்து விரிப்பார். அப்போது மட்டும் பாயைப் பற்றிப் பேச்சே இருக்காது. "தரை உடம்புச் சூட்டை இழுத்துவிடும்" என்பார்.