கேபிள் ரிமோட் டிவி ரிமோட்டிடம் பாடம் கேட்பது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் டிவியை மாற்றினோம். கேபிள் பாக்ஸ் ரிமோட்டில் சேனல் மாறுகிறது, ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. புது ரிமோட் வாங்கத்தான் வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டாம். அந்த ரிமோட்டில் சேனல் பொத்தான்கள் பாக்ஸுக்கானவை, தொழிற்சாலையிலேயே பதிந்து வருபவை. பவர், சத்தம் என்று ஓரமாகத் தனியே இருக்கும் சில பொத்தான்கள் மட்டும் டிவிக்கானவை. அவற்றுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். உங்கள் ரிமோட் இன்னும் பழைய டிவியின் பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் இரண்டு ரிமோட்டும் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால், ரிமோட்டின் நுனியில் வெளிர் ஊதா ஒளி மினுங்கும். அது சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர். நம் கண் ஏறத்தாழ 700-லேயே நின்றுவிடும். எந்தப் பொத்தானுக்கும் ஒளி வரவில்லையென்றால் பேட்டரியை மாற்றி, துருப்பிடித்த ஸ்பிரிங்கைச் சுரண்டுங்கள். சில பொத்தான்கள் மட்டும் செத்திருந்தால், ரப்பருக்கு அடியிலுள்ள கரிப்பொட்டில் அழுக்கு ஏறியிருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். பேட்டரியை வெயிலில் காயவைத்தால் சார்ஜ் ஏறும் என்று நம் பக்கம் நம்புகிறார்கள். ஏறாது. சூட்டில் ரசாயன வினை கொஞ்ச நேரம் வேகமெடுக்கும், அவ்வளவுதான். மிச்சம் கிடைப்பது கசிவு.

சரி, பாடத்துக்கு வருவோம். பல ரிமோட்டுகளில் முறை இதுதான்: 'செட்' பொத்தானைச் சிவப்பு விளக்கு நின்று எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். கற்க வேண்டிய பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். டிவி ரிமோட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, மூக்கோடு மூக்கு பார்க்க வைத்து, அதன் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டினால் பதிந்துவிட்டது. மறுபடி 'செட்' அழுத்தி முடியுங்கள்.

அந்த ஒரு நொடிக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். டிவி ரிமோட்டின் ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பும் கொத்துக் கொத்தாக, நடுவில் இடைவெளி விட்டு வரும். பரவலாக உள்ள ஒரு முறையில், முதலில் 9 மில்லிநொடி ஒளி, 4.5 மில்லிநொடி இருட்டு. அப்புறம் 32 குறுங்கொத்துகள். கொத்துகள் எல்லாம் ஒரே நீளம். பின்னால் வரும் இருட்டு அரை மில்லிநொடிக்குச் சற்று மேல் என்றால் 0, அதைப்போல் மூன்று மடங்கு என்றால் 1. சேதி முழுவதும் இருட்டில்தான் இருக்கிறது! சத்தம் என்றால் என்ன, டிவி எந்தக் கம்பெனி என்று கேபிள் ரிமோட்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பம்பைக்காரர் அடித்த தாளத்தைப் பொருள் கேட்காமல் அப்படியே தட்டிக் காட்டும் பையனைப்போல, நேரங்களை அளந்து வைத்துக்கொண்டு திருப்பி ஒளிர்கிறது.

எதைக் கொண்டு பார்க்கிறது? பல மலிவு ரிமோட்டுகளில் தனிக் கண் கிடையாது. ஒளியை அனுப்பும் அதே எல்இடிதான் வாங்கவும் செய்கிறது. எல்இடிக்குள் இரண்டு வகைக் குறைக்கடத்திகள் ஒட்டிச் சேரும் இடம் (சந்தி) மின்சாரம் கொடுத்தால் ஒளி தரும், ஒளி பட்டால் துளி மின்சாரம் தரும். வயலில் மோட்டார் ஓட்டும் சோலார் பலகையிலும் இதே இயற்பியல்தான். ஆனால் இந்தக் கண் மங்கல், வெயிலை வடிகட்டவும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நெருக்கம் தேவைப்படுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாடம் ஏறாமல் போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுப் பள்ளி ஆய்வகங்கள் ஒவ்வொன்றிலும் நாலு எல்இடியும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கி வைத்து, பிள்ளைகள் கையாலேயே இதை அளக்கவிட வேண்டும். அதற்கான பணம் பெரிய தொகையே அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். புது ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகள் சிலவற்றில் சத்தப் பொத்தான் புளூடூத்தில் பேசும். அதை அழுத்தும்போது கேமராவில் ஒளி தெரியாவிட்டால், கேபிள் ரிமோட்டுக்கு அதைக் கற்றுத்தர வழியில்லை. டிவியோடு வந்த ரிமோட்டையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.