பேட்டன்ட்: உரிமையா, உரிமமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் பையன் ஒருவன், என்னிடம் தமிழ் படித்தவன், போன வாரம் கேட்டான்: “சார், பேட்டன்ட்னா லைசன்தானே? பேப்பர்ல காப்புரிமைன்னு போடுறாங்க. பாட்டுக்கும் அதையேதான் போடுறாங்க.”

நல்ல கேள்வி. நம் ஊரில் லைசன் என்றால் மோட்டார் லைசன், அதாவது அனுமதி. பேட்டன்ட் வேறு. ‘திறந்திருத்தல்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. இங்கிலாந்து மன்னர், தனி ஆள் ஒருவருக்கு மட்டும் எழுதிய மடலை மடித்து முத்திரையிட்டார்கள். முத்திரையை உடைத்தால்தான் படிக்க முடியும். ஊரறிய உரிமை வழங்கும் மடலிலோ முத்திரை அடியில் தொங்கும், எவரும் படிக்கலாம். அந்தத் திறந்த மடல்தான் பேட்டன்ட். ஒலி ஒத்திருக்கிறதே என்று பட்டாவோடு முடிச்சுப் போட வேண்டாம். பட்டா வடமொழி வழி வந்தது.

திறப்பு இன்றும் உண்டு. கண்டுபிடித்தவர் தன் நுட்பத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, பிறர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை கிடைக்கிறது. மலேசியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு.

ஆகவே பேட்டன்ட் ‘காப்புரிமை’, லைசன் ‘உரிமம்’. பாட்டுக்கும் நூலுக்கும் ‘பதிப்புரிமை’ என்றே எழுத வேண்டும். மூன்றையும் ஒரே சொல்லில் அடைப்பது பெரும் பிழை என்பேன். கைப்பேசி நிறுவனங்களின் வழக்குகளே உரிமைக்கும் உரிமத்துக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

பையனுக்குத் தோட்டத்து மண்சாலையைக் காட்டினேன். சிறுதோட்டக்காரரின் செம்பனைக் குலை ஆலைக்குப் போக வேறு வழியில்லை. சாலை கம்பெனியுடையது, அது உரிமை. லோரியை அதில் போக விடுவது உரிமம். 4ஜி கைப்பேசிகள் எல்லாம் பின்பற்றும் பொதுத் தரமும் அப்படியொரு சாலைதான். அதற்குள் தன் நுட்பம் சேரும்போது, நியாயமான கட்டணத்தில் பாரபட்சமின்றி உரிமம் தருவதாக நிறுவனம் வாக்குக் கொடுக்கிறது. எது நியாயம் என்பதில்தான் சண்டை.

சீன நிறுவனமான ஹுவாவே, இன்னொரு சீன நிறுவனமான ஸெட்டிஇ (ZTE) மீது தொடுத்த வழக்கில் 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு முறை வகுத்தது: உரிமையாளர் தடையாணை கேட்குமுன் அறிவிப்புத் தர வேண்டும், மற்றவர் உரிமம் பெற விரும்பினால் உரிமையாளரே கட்டணத்தை எழுத்தில் முன்வைக்க வேண்டும், அந்த மற்றவரும் இழுத்தடிக்காமல் பதில் சொல்ல வேண்டும். 2020இல் அதே ஹுவாவே எதிர்த்தரப்பில் நின்றது. எரிக்சனிடமிருந்து காப்புரிமைகளை வாங்கியிருந்த அன்வயர்டு பிளானட் என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கு அது. உலகம் முழுவதுக்குமான உரிம நிபந்தனைகளை இங்கிலாந்து நீதிமன்றமே வகுக்கலாம் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

உரிமத்துக்குச் செலுத்தும் கட்டணமான ராயல்டிக்கு ‘உரிமத்தொகை’ என்ற சொல் போதும்.

பையன் கையில் திரை கழற்றிய கைப்பேசி. “இதுல யாரு காப்புரிமை இருக்கு சார்?” என்றான். சிம் தட்டுக்கு அருகே விரலை வைத்து, “4ஜி பேசுற இந்தப் பகுதிக்கு மட்டும் நோக்கியா, எரிக்சன், குவால்காம், ஹுவாவேன்னு பல பேருடா” என்றேன்.