எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணுக்குள் என்ன செய்கிறது?

இரவில் எதிரே வரும் வண்டியின் ஹைபீம் முகத்தில் அடிக்கும்போது நமக்கு நேர்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு விளைவுகள். ஒன்று, கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்ப வைக்கிற கூச்சம். மற்றொன்று, எதிரே இருப்பது தெரியாமல் போவது. நாம் குறைப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் கூச்சத்தைப் பற்றித்தான். ஆபத்து இருப்பதோ இரண்டாவதில். கண் அவ்வளவாகக் கூசாத வெளிச்சத்தில்கூடப் பார்வைத்திறன் குறையலாம் என்பதால், ஒளியியல் அறிஞர்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள்.

பார்வை மறைவதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. கருவிழியும் அதன் பின்னுள்ள விழிவில்லையும் முற்றிலும் மாசற்ற கண்ணாடிகள் அல்ல. அவற்றின் செல்களிலும் புரதங்களிலும் பட்டு, உள்ளே நுழையும் ஒளியின் சிறு பகுதி நாலாபுறமும் சிதறுகிறது. பகலில் இதை நாம் உணர்வதில்லை. இரவில் மிகப் பிரகாசமான ஒரு விளக்கிலிருந்து வரும் ஒளி அவ்வாறு சிதறும்போது, அது விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெளிச்சப் படலமாகப் பரவி, அங்கே விழுந்திருக்கும் மற்ற எல்லாப் பிம்பங்களின் மேலும் படிகிறது. படம் ஓடிக்கொண்டிருக்கும் திரையரங்கில் விளக்கைப் போட்டால் திரை வெளிறிப் போவதைப் போல, சாலையோரம் நிற்கும் மனிதரின் உருவத்துக்கும் அவர் பின்னுள்ள இருளுக்கும் இடையிலான வேறுபாடு அந்தப் படலத்தில் கரைந்துவிடுகிறது. அவரிடமிருந்து வரும் ஒளி சிறிதும் குறையவில்லை, அதைப் பிரித்தறியத்தான் கண்ணால் முடியவில்லை.

இந்தப் படலத்தின் அடர்த்தியைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் உண்டு. 1920களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே செய்த அளவீடுகளிலிருந்து பிறந்த அது, இன்றும் விளக்குப் பொறியாளர்களால் பயன்படுத்தப்படுகிறது. கண்ணில் வந்து விழும் வெளிச்சத்தைப் பத்தால் பெருக்கி, நாம் பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் படலத்தின் பிரகாசம் கிடைக்கும். விளக்கு பார்வைக் கோட்டுக்கு நெருங்க நெருங்கப் படலம் வேகமாக அடர்த்தியாகும் என்பது இதன் பொருள்.

இதை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் விடை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருக்கிறது. எதிர்வண்டியின் ஒரு விளக்கு நம் கண்ணின் திசையில் 20,000 கேண்டெலா (ஒரு திசையில் வீசும் ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளி வீசுகிறது என்றும், அது நமக்குப் பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளி வருகிறது என்றும் கொள்வோம். 100 மீட்டர் தொலைவில் அது கண்ணில் 2 லக்ஸ் (ஒரு பரப்பில் வந்து விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை விழச்செய்யும், கோணம் 1.7 பாகை. 50 மீட்டருக்கு வந்ததும் வெளிச்சம் நான்கு மடங்காகி 8 லக்ஸ் ஆகிறது. ஆனால் கோணமும் இருமடங்காவதால் அதன் வர்க்கமும் நான்கு மடங்காகிறது. ஆக, இரண்டு இடங்களிலும் படலத்தின் பிரகாசம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கேண்டெலாதான். விளக்குகள் இரண்டு என்பதால் மொத்தம் 13 அல்லது 14 எனலாம். நம் லோபீம் ஒளியில் முன்னே தெரியும் தார்ச்சாலையின் பிரகாசம் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 1 கேண்டெலா அளவில், பல இடங்களில் அதற்கும் கீழே இருக்கும். சாலையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிரகாசமான ஒரு படலத்தின் வழியாக அந்தச் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொலைவில் இருக்கும்வரை ஹைபீமில் வந்து, அருகில் வந்ததும் லோபீமுக்கு மாற்றினால் போதும் என்று பலர் நல்லெண்ணத்தோடுதான் நினைக்கிறார்கள். மேற்கண்ட கணக்கு அதை ஏற்கவில்லை. நேர்ச்சாலையில் நிலைமை இன்னும் மோசம்: ஹைபீமின் உச்ச ஒளி நேர் முன்னே குவிவதால், தொலைவில் வருபவர்தான் அந்த மையத்துக்கு மிக அருகில் இருக்கிறார். எதிர்விளக்கு கண்ணில் பட்ட உடனேயே தாழ்த்துவதுதான் முறை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பதிலுக்கு நாமும் ஹைபீமை அடித்துப் பாடம் புகட்ட முயல்வது, ஒருவர் கண்ணில் இருந்த படலத்தை இருவர் கண்ணிலும் ஏற்றுவதாகும். அந்நேரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் இரு வண்டிகள் ஒவ்வொரு நொடியும் 33 மீட்டர் நெருங்குகின்றன.

வயது இதில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. விழிவில்லையில் புரதங்கள் திரண்டு ஒளிச்சிதறல் கூடுவதால், 70 வயதில் படலம் இளையவரின் கண்ணில் இருப்பதைப்போல ஏறத்தாழ இருமடங்காகிறது. கண்புரை தொடங்கியிருந்தால் அதைவிடவும் கூடும். எதிரே வருபவரின் வயது நமக்குத் தெரியப்போவதில்லை. வண்டி கடந்து சென்றபின் படலம் உடனே விலகினாலும், வெளிச்சத்தில் நிறமிகள் வெளுத்துப்போன விழித்திரை செல்கள் மீளச் சில நொடிகள் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் 3 நொடி என்பது 50 மீட்டர்.

விளக்கைச் செய்பவர்கள் இதையெல்லாம் அறிந்தே லோபீமை வடிவமைத்திருக்கிறார்கள். பழகிப்போன எச்4 ஹாலஜன் பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். அவற்றுள் லோபீம் இழையின் அடியில் மட்டும் சிறு கரண்டி போன்ற ஓர் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தத் தகடு மறைத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கிச் சாலைக்குத் திரும்புகிறது. கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்பது அந்தத் தகட்டின் வேலை. இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் இந்த ஒழுங்கு குலையும். ஹாலஜனுக்காகச் செய்த கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைத் திணிப்பது பெருந்தவறாவதும் இங்கேதான்: அதன் ஒளிரும் சில்லுகள் பல நேரங்களில் இழை இருந்த அதே இடத்திலும் அதே வடிவிலும் அமைவதில்லை. ஓட்டுபவருக்கு முன்னே பளிச்சென்று தெரிகிறது, மேல்விளிம்பு சிதைந்து கசியும் ஒளியோ எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்காக வடிவமைக்கப்பட்ட விளக்குகளுக்கு இந்தக் குறை பொருந்தாது. ஆனால் அவற்றின் வெண்ணொளியில் நீலப் பங்கு அதிகம் என்பதால், அதே அளவு வெளிச்சத்திலும் ஹாலஜனைவிடக் கூச்சம் கூடுதலாகத் தோன்றுகிறது.

லோபீம் சரியாக இருந்தும் சுமை அதைக் கெடுத்துவிடக்கூடும். தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கின் கற்றை மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் தாழ்ந்து சென்றால் 65 மீட்டரில் தரையைத் தொடும். பின்பக்கம் சாமான் ஏறி வண்டியின் முன்பகுதி ஒரே ஒரு பாகை நிமிர்ந்தாலும், அதே கற்றை மேல்நோக்கி ஏறி, 75 மீட்டரில் 1.2 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். எதிரே காரோட்டுபவரின் கண் இருப்பது ஏறத்தாழ அந்த உயரத்தில்தான்.

இச்சிக்கலை அடியோடு தீர்க்க முயன்றவர்களுள் அமெரிக்கரான எட்வின் லேண்ட் முக்கியமானவர். 1930களில் அவர் முன்வைத்த யோசனை இது: எல்லா வண்டிகளின் விளக்குகளிலும் முன்கண்ணாடிகளிலும் ஒரே பக்கம் 45 பாகை சாய்ந்த ஒளிமுனைவாக்கித் தகடுகளை, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளை, பொருத்த வேண்டும். எதிரெதிரே வரும்போது இரண்டின் சாய்வும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகிவிடும் என்பதால் எதிர்விளக்கு மங்கலாகத் தெரியும், நம் விளக்கின் ஒளியோ தடையின்றித் தெரியும். அழகான சிந்தனை. ஆயினும் தகடுகள் பாதிக்கும் மேற்பட்ட ஒளியை விழுங்கியதாலும், எல்லா வண்டிகளிலும் ஒருசேர மாற்றினால் மட்டுமே பலன் கிடைக்கும் என்பதாலும் அது நடைமுறைக்கு வரவில்லை. இன்றைய சில வண்டிகளில் கேமரா எதிர்வண்டியைக் கண்டறிந்து, அது இருக்கும் திசைக்கான எல்.இ.டி.களை மட்டும் அணைக்கிறது.

அந்தக் கேமரா முதன்மையாகத் தேடுவது பிற வண்டிகளின் விளக்குகளைத்தான். விளக்கில்லாமல் நடந்து வருபவரும் மங்கிய விளக்குடன் சைக்கிளில் வருபவரும் அதற்கு எளிதில் தென்படுவதில்லை. விளக்கைக் கையால் மாற்றும் ஓட்டுநர்களும் அவர்களுக்காகத் தாழ்த்துவது அரிது. ஆனால் சிதறலின் கணக்கு அவர்கள் கண்ணுக்கும் ஒன்றுதான். சாலையின் ஓரமும் அதன் பள்ளமும் அவர்களுக்கும் மறைகின்றன. இன்னொன்றும் சேர்கிறது: தன் மீது இவ்வளவு வெளிச்சம் விழுவதால் ஓட்டுநருக்குத் தன்னைத் தெளிவாகத் தெரியும் என்று நடப்பவர் நம்பிவிடுகிறார். கறுப்பு உடை தன்மீது விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்புகிறது.

நம் விளக்கு பிறர் கண்ணில் படுகிறதா என்பதை ஒரு சுவரை வைத்தே சோதிக்கலாம். சமதரையில், வழக்கமான சுமையோடு, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோபீமைப் போட்டால், எதிர்ப்போக்குவரத்து வரும் பக்கத்தில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 5 செ.மீ. தாழ்வாக விழ வேண்டும். பல கார்களில் ஸ்டீயரிங் அருகே இதற்கென்றே 0 முதல் எண்கள் இட்ட ஒரு சிறு திருகு இருக்கிறது. 0 என்பது ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது வைக்க வேண்டிய நிலை, எண் கூடக் கூடக் கற்றை கீழே இறங்கும்.