குடிநீர் வரியைத் தானே கட்ட முடிகிறதா? உள்ளூர்ச் சேவை இணையதளங்களில் மாற்றுத்திறனாளிகள் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

நகராட்சியோ பேரூராட்சியோ, இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்கச் சொன்னால் முதலில் நடப்பது, பக்கத்தின் மேல் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானும் நிறம் மாற்றும் பொத்தானும் வருவதுதான். பார்வையற்றவருக்கு இவற்றால் பயன் ஏதுமில்லை. குறைபார்வை உள்ளவர் தன் கைப்பேசியிலேயே எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். நாம் பார்க்க வேண்டியது வேறு: வீட்டிலிருந்தபடியே, ஓடிபியை இன்னொருவரிடம் சொல்லாமல், குடிநீர் வரியைக் கட்டி ரசீதைக் கையில் எடுக்க அவரால் முடிகிறதா?

தமிழ்த் தளங்களில் முதல் தடை எழுத்திலேயே இருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய அறிவிப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அப்படியே கிடக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் அதைத்தான் உச்சரிக்கும்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. ‘கொ’ எழுதத் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. திரைவாசிப்பான் ‘கெர’ என்று படிக்கும். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் போடுவது இணையமெங்கும் பரவிக் கிடக்கும் பிழை. கேட்பவருக்கு அது ‘கெளரவம்’. எனவே மாற்றிய பக்கத்தைக் கண்ணால் பிழை திருத்தினால் போதாது; ஒருமுறை காதால் கேட்டுத் திருத்துங்கள். அதோடு பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் மொழி தமிழ் என்று குறித்திருக்க வேண்டும். ஆயத்த வார்ப்புருவை (டெம்ப்ளேட்) அப்படியே எடுத்தாண்ட தளங்களில் அது ஆங்கிலமாகவே இருக்கும். ஆங்கிலக் குரல் தமிழை உளறும், அல்லது சத்தமின்றித் தாண்டிவிடும்.

அடுத்தது ஸ்கேன் செய்த பிடிஎஃப். முகாம் அறிவிப்பு, குடிநீர் நிறுத்தம், ஏல அறிவிப்பு எல்லாமே கையெழுத்தும் முத்திரையுமாக ஸ்கேன் ஆகி ஏறுகின்றன. அது வெறும் படம். உள்ளே படிக்க எழுத்தில்லை. கையெழுத்திட்ட நகல் ஆவணத்துக்காக இருக்கட்டும். தேதி, இடம், நேரம், யாருக்கு, என்ன கொண்டுவர வேண்டும் என்ற விவரங்களைப் பக்கத்திலேயே நாலு வரியில் தட்டச்சு செய்யுங்கள். தட்டச்சு செய்த கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போது ‘பிரின்ட்’ வழியாகப் போகாமல் ‘சேவ் ஆஸ்’ வழியாகப் போங்கள். பிரின்ட் வழியில் தலைப்பு, அட்டவணை ஆகியவற்றைக் காட்டும் குறிகள் தொலைந்துபோகும்.

இனி வரி கட்டும் படிவம். பெட்டிக்குள்ளேயே மங்கலாக ‘இணைப்பு எண்’ என்று எழுதிவிட்டு, வெளியே லேபிள் வைக்காமல் விடுவது பெரிய தவறு. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நினைவாற்றல் சிக்கல் உள்ளவர் எதை நிரப்புகிறோம் என்றே தெரியாமல் நிற்பார். லேபிளைப் பெட்டியோடு நிரலில் இணைத்தால்தான் திரைவாசிப்பான் சொல்லும். தவறை வெறும் சிவப்புக் கட்டத்தால் காட்டாமல், ‘இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று எழுத்தில், அந்தப் பெட்டியின் அருகிலேயே சொல்லுங்கள். வெள்ளைப் பின்னணியில் பளீர் சிவப்பு எழுத்தின் நிறவேறுபாடு ஏறக்குறைய 4:1. சாதாரண அளவு எழுத்துக்குச் சர்வதேச வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி கேட்பது 4.5:1. கொஞ்சம் அடர்ந்த சிவப்பு போதும். தமிழில் மங்கல் நிறம் இன்னும் பாதகம். புள்ளி கண்ணில் படாவிட்டால் ‘கட்’ ‘கட’ ஆகிவிடும்.

பலரும் பாதியில் விட்டுப்போகும் இடம், வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா. வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் பார்வையற்றவர் தாண்டவே முடியாது. ஒலி வடிவம் பார்வையும் செவித்திறனும் குறைந்தவருக்கு உதவாது. ஓடிபி கேட்கும் தளத்துக்குக் கேப்ட்சா எதற்கு? ஒரே எண்ணிலிருந்து வரும் முயற்சிகளுக்குச் சர்வரில் வரம்பு வைத்தால் போலிக் கோரிக்கைகளைப் பெருமளவு அடக்கிவிடலாம். ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டம் வேண்டாம். ஒரே கட்டம் வையுங்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, ஒரே அழுத்தில் நீட்டிக்க விடுங்கள். அதற்குக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். பணம் செலுத்த க்யூஆர் குறியீடு மட்டும் போட்டால், அதே கைப்பேசியில் தளத்தைத் திறந்திருப்பவர் எதைக் கொண்டு அதை ஸ்கேன் செய்வார்? யுபிஐ செயலியை நேரே திறக்கும் பொத்தானும் பக்கத்தில் இருக்கட்டும்.

முகப்பில் ஓடும் எழுத்துகளை நிறுத்திவிடுங்கள். குறைந்தபட்சம் நிறுத்தும் பொத்தானாவது வையுங்கள். புகாருக்குத் தொலைபேசி எண் மட்டும் இருந்தால் காது கேளாதவருக்குக் கதவு மூடியதாகவே அர்த்தம். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழிகளையும் சேருங்கள். ஆணையரின் காணொளி அறிவிப்புக்குத் தமிழ் வசன வரி வேண்டும். அலுவலக முகவரிப் பக்கத்தில் சாய்தளம் எந்த வாசலில் இருக்கிறது, வரிப்பிரிவு எந்த மாடியில், லிஃப்ட் உண்டா என்றும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஆட்டோ பிடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

இது தயவு அல்ல, சட்டக் கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுக்கும் தனியார் சேவைக்கும் சேர்த்தே பொருந்தும். முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

சோதிக்கப் பெரிய செலவில்லை. மவுஸைக் கழற்றிவிட்டு டேப், ஷிஃப்ட்-டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி விசைகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு முகப்பிலிருந்து ரசீது வரை போய்ப் பாருங்கள். இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால், அந்தப் பொத்தானைச் சுற்றி வரும் கட்டக் கோட்டை அழகுக்காக யாரோ அழித்திருக்கிறார்கள். பிறகு உலாவியில் 400 சதவீதம் பெரிதாக்குங்கள். பத்தியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த நேர்ந்தால் வடிவமைப்பு தவறு. அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை நிறுவி இன்சர்ட்டும் எஃப்7-உம் அழுத்துங்கள். பக்கத்தின் இணைப்புகள் பட்டியலாக வரும். அதில் வரிசையாக ‘இங்கே சொடுக்கவும்’ என்று மட்டுமே இருந்தால் எதைத் திறப்பது என்று யாருக்கும் புரியாது; ‘சொத்துவரி ரசீது பதிவிறக்கம்’ என்று மாற்றுங்கள். கடைசியாக, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, வரி கட்டச் சொல்லிவிட்டுக் குறுக்கிடாமல் பக்கத்தில் அமருங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிக்குப் பிடிபடாதவை அங்கே வெளிவரும்.

இவ்வளவும் செய்த தளம் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிரல் அல்ல. தினமும் அறிவிப்பு ஏற்றும் இளநிலை உதவியாளருக்கு யாரும் எதையும் சொல்லித் தராததுதான். பயிற்சியை அவரிடமிருந்து தொடங்குங்கள். ஒப்பந்ததாரரின் இறுதித் தவணையை, விசைப்பலகையில் மட்டும் வரி கட்டி ரசீது எடுத்துக் காட்டிய பிறகு விடுவிக்கலாம்.