நம் பிள்ளைகளை ஆய்வு செய்ய வருகிறவர்களிடம் என்ன கேட்கலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆசிரியர்களுக்குச் செயலாய்வு, அதாவது தங்கள் பள்ளிச் சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து மாற்றிப் பார்க்கும் முறை, சொல்லிக்கொடுப்பது என் வேலை. தோட்டப் பிள்ளைகள் ஏன் இடைநிலைப்பள்ளியில் பின்தங்குகிறார்கள் என்று ஆராய இங்கே பலர் வந்து போகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வினாநிரலைப் பாருங்கள்: வீட்டுப்பாடத்தைக் கவனிக்கிறீர்களா, வீட்டில் புத்தகங்கள் உண்டா, பள்ளிக்கூட்டத்துக்கு வருகிறீர்களா. பெற்றோருக்கு அக்கறை போதவில்லை என்ற முடிவு கேள்விகளிலேயே இருக்கிறது. பஸ்ஸைப் பற்றியோ தொழிற்சாலை ஷிப்டைப் பற்றியோ ஒரு கேள்வியும் கிடையாது.

பஸ் ஏறித்தான் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற இந்தத் தூரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அன்றைய மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. அதனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளி இருந்தது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. சில பள்ளிகளும் பெயர்ந்தன. இடைநிலைப்பள்ளியோ பட்டணத்தில்.

அப்படியானால் ஆய்வை எப்படிச் செய்வது? கொலம்பியாவின் சமூகவியலாளர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா போன்றவர்கள் 1970-களில் வளர்த்த பங்கேற்புச் செயலாய்வு ஒரு வழி. பாதிக்கப்பட்டவர்களே கேள்வியை முடிவுசெய்வார்கள், தகவல் திரட்டுவார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். 1990-களில் சீனாவின் யுன்னான் மாநிலத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துத் தங்கள் வாழ்க்கையைப் படமெடுக்கச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். அந்த முறையைத்தான் நாங்கள் இங்கே எடுத்துக்கொண்டோம்.

"பள்ளிக்குப் போய்வருவதில் உங்களுக்கு எது கஷ்டம்?" பிள்ளைகளிடம் நாங்கள் கேட்டது இது ஒன்றுதான்; பதிலைப் படமாக எடுத்துவரச் சொன்னோம். விடியுமுன் செம்பனைகளுக்கு நடுவே இருட்டுப் பாதை, தங்கையைக் குளிப்பாட்டும் அக்காள் என்று படங்கள் வந்தன. மதியம் பள்ளி வாசலில் புறப்பட நிற்கும் பஸ்ஸைப் பலர் எடுத்திருந்தார்கள். அதை விட்டால் வீட்டுக்குப் போக வேறு வழியில்லை. கூடுதல் வகுப்பு தொடங்குவதோ அதற்கு அப்புறம். வகுப்புக்கு வராததைச் சோம்பல் என்றே பள்ளி அதுவரை பதிவு செய்திருந்தது. படங்களைச் சுவரில் ஒட்டிப் பெற்றோரைப் பேச அழைத்தபோது ஓர் அம்மா சொன்னார்: "டீச்சர், புள்ள வரலைன்னு எழுதுறீங்க. பஸ் போயிருச்சுன்னு யாரும் எழுதலையே." அப்புறம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் வகுப்பு நேரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியது. பெற்றோர் அக்கறையைப் பற்றிய எந்த அறிக்கையும் அதுவரை அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்ததில்லை.

படம் எடுப்பதில் ஆபத்தும் உண்டு. வீட்டு வறுமையும் பிள்ளையின் முகமும் யாரோ ஒருவருடைய மேடைக்குப் போய்விடலாம். எந்தப் படம் வெளியே போகலாம் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்ய வேண்டும். சரி என்றவர்கள் பிறகு மனம் மாறவும் உரிமை உண்டு.

ஆகவே, அடுத்த முறை யாராவது ஆய்வுப் படிவத்தோடு வந்தால் கேளுங்கள்: கேள்விகளை யார் எழுதியது? தமிழில் தருவீர்களா? முடிவை முதலில் எங்களிடம் வந்து சொல்வீர்களா? பதில் திருப்தியாக இல்லையென்றால், கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.