30 மீட்டர் கயிறும் அதன் கடைசி 1 சென்டிமீட்டரும்

உணவு ஆலோசகராக வளரிளம் பருவத்தினருக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிய நாட்களில் என் கையில் ஒரு வண்ணப்படம் இருக்கும். தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்பார்கள். கேள்வி கேட்டால் சரியான பதிலும் சொல்வார்கள். மணி அடித்ததும் நேராகப் போய்க் குளிர்பானம் வாங்கிக் குடிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத எதுவும் அந்தப் படத்தில் இல்லை என்று எனக்குப் புரியவே சில ஆண்டுகள் பிடித்தன.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். "கட்டுப்பாடு வேண்டும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தனியாக வந்து, "எனக்கு மட்டும் ஏன் மனசு அடங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். பேசிப் பார்த்தால், போன வாரம் நான் எடுத்த வகுப்புக்குப் பிறகு மதியச் சாப்பாட்டையே நிறுத்தியிருந்தாள். அவளை அங்கே கொண்டுபோய் விட்டது என் வார்த்தைகள்தாம். வீட்டாரோடும் மருத்துவரோடும் சேர்ந்து, அவள் பழையபடி சாப்பிடும்வரை கூடவே இருந்தோம். அப்புறம் அந்தப் படத்தை நான் தொடவில்லை. ஒரு கயிற்றை எடுத்தேன்.

கயிற்றின் நீளம் 30 மீட்டர். 1 சென்டிமீட்டருக்கு 100 ஆண்டு என்று கணக்கு. மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளின் வயதை வைத்துப் பார்த்தால், ஹோமோ சேப்பியன்ஸ் எனப்படும் நம் மனித இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதுதான் இந்த 30 மீட்டர். மைதானத்தில் கயிற்றை நீட்டிவிட்டு, "மனிதர்கள் பயிர் செய்யத் தொடங்கிய இடத்தில் போய் நில்லுங்கள்" என்பேன். பெரும்பாலானோர் நடுவில் போய் நிற்பார்கள். உண்மையில் அந்த இடம் கடைசி முனையிலிருந்து 1.2 மீட்டரில், ஓர் எட்டு தூரத்தில் இருக்கிறது. உறைகளில் அடைத்த நொறுக்குத் தீனியும் புட்டிக் குளிர்பானமும் அன்றாடச் சாப்பாட்டில் ஒரு பங்காக ஆனது கடைசி 1 சென்டிமீட்டருக்குள். ஒரு விரல்நகத்தின் அகலம்.

இன்னொன்றும் சொல்வேன். கல்லைக் கூராக்கி இறைச்சி அறுத்த நம் மூதாதையர் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டுமென்றால் இன்னும் 230 மீட்டர் கயிறு வேண்டும். அதைக் கேட்டதும் பிள்ளைகள் சுற்றுச்சுவரைத் தாண்டி வெளியே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் இந்தப் பாடத்தை இவ்வளவு ஆண்டுகளாக நடத்துகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சரி, இந்த நீளம் முழுக்க அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்பது அடுத்த கேள்வி. பையன்கள் ஒரே குரலில் "கறி!" என்பார்கள். ஆதிமனிதர் உணவு என்ற பெயரில் கைபேசியில் பார்க்கும் காணொளிகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. ஈராக்கின் ஷானிதார் குகையிலும் பெல்ஜியத்தின் ஸ்பி குகையிலும் நம் இனத்தின் நெருங்கிய உறவினரான நியாண்டர்தால் மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்களின் பல்காரையை, அதாவது பல்லில் படிந்து இறுகிய படிவை, சுரண்டிப் பார்த்தபோது, அதில் தாவர மாவுச்சத்தின் துகள்கள் இருந்தன. அவற்றில் சில வெந்தவை. 23,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது நம் கயிற்றின் கடைசி முனையிலிருந்து 2.3 மீட்டர் தூரத்தில், இஸ்ரேலின் கலிலேயக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள் காட்டுத் தானியங்களைக் கல்லில் அரைத்திருக்கிறார்கள். ஜோர்டானில் ஒரு பழைய அடுப்பில் 14,400 ஆண்டுக்கு முந்தைய ரொட்டியின் கருகிய துணுக்குகள் கிடைத்தன. பயிர்த்தொழில் வருவதற்கு முன்பே ரொட்டி! ஆக, ஆதிமனிதர் உணவு என்று ஒரே ஓர் உணவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடலோரத்தில் ஒன்று, காட்டில் ஒன்று, பனிநாட்டில் ஒன்று. கிடைத்ததை உண்டு பிழைக்கத் தெரிந்ததுதான் நம் இனத்தின் பலம். அந்தக் காணொளிகளை நம்பித் தானியத்தையும் பருப்பையும் அடியோடு ஒதுக்கிய பிள்ளைகள் சோர்ந்துபோய் என்னிடம் வருகிறார்கள். அதனால் இதை ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் சொல்கிறேன்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை நாக்கில் இருக்கிறது. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதன் உடலில் பழுதாகிவிட்டது. இறைச்சி மட்டுமே தின்னும் விலங்குக்கு அது தேவைப்படவும் இல்லை. நமக்குத் தேவைப்பட்டது. பழம் பழுத்ததா, அதில் ஆற்றல் இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொன்னது இந்த நாக்குதான். கசப்பு என்றால் நஞ்சாக இருக்கலாம் என்று எச்சரித்ததும் அதுவே. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு பட்டால் முகம் மலர்கிறது, கசப்பு பட்டால் சுளிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே! தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களுக்கு மிகப் பிடித்த உணவு தேன். ஆனால் அதற்கு மரம் ஏற வேண்டும், தேனீயிடம் கொட்டு வாங்க வேண்டும். நாக்கு அன்று செய்த அதே வேலையைத்தான் இன்றும் செய்கிறது. மரம் மட்டும் காணாமல் போய்விட்டது.

இதைச் சொல்லும்போது வகுப்பில் சில பிள்ளைகளின் தோள்கள் தளர்வதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். குறை தங்களிடம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் மற்றதைக் கேட்கத் தயாராகிறார்கள்.

அடுத்தது பல். சிம்பன்சிகள் ஒரு நாளில் பல மணி நேரத்தை மெல்லுவதிலேயே செலவழிக்கின்றன. நமக்கு நெருப்பு கிடைத்தது. வெந்த உணவில் குறைந்த வேலைக்கு நிறைய ஆற்றல் கிடைக்கும். நம் உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அந்தப் பெரிய மூளையை வளர்த்ததில் சமையலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது ரிச்சர்ட் ரேங்ஹம் என்ற மானிடவியலாளரின் வாதம். எப்போதிலிருந்து சமைத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வேன். அறிவியலில் முடிவாகாத சங்கதிகளும் உண்டு என்று தெரிந்தால் இந்த வயதினருக்கு அதன்மேல் மதிப்பு கூடவே செய்கிறது.

கடைசி 1 சென்டிமீட்டரில் மாறியது என்ன? இதற்கு ஆப்பிளை வைத்து ஒரு சோதனை செய்கிறோம். ஒருவர் முழு ஆப்பிளைக் கடித்துத் தின்ன, இன்னொருவர் ஆப்பிள் சாற்றைக் குடிக்க, மற்றவர்கள் நேரம் பார்ப்பார்கள். சாறு சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆப்பிள் தின்பவர் அப்போதுதான் இரண்டாவது கடியில் இருப்பார். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். நாம் மென்று தின்னும்போது அந்த நேரம் கிடைக்கிறது.

2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். அந்த 20 பேருக்கும் மனவுறுதி திடீரென்று குறைந்துவிட்டதா என்று நான் கேட்பேன். பதிலைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கைச் சொல்வதோடு, பாட்டிலை வடிவமைப்பவர்களுக்கும் விளம்பரம் எடுப்பவர்களுக்கும் நம் நாக்கின் வரலாறு நன்றாகத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டெக்ஸஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு உணவு நிறுவனங்கள் எப்படி ஆசை காட்டுகின்றன என்பதை விளக்கினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். மறுநாள் தின்பண்டம் தேர்ந்தெடுத்தபோது, விளக்கம் கேட்டவர்களில் அதிகம் பேர் குளிர்பானத்தை விட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். நாற்பது வயதில் வரக்கூடிய நோயைச் சொல்லிப் பயமுறுத்தினால் இந்த வயதில் காதில் ஏறாது. யாரோ தங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றால் உடனே ஏறும்.

இந்தப் பாடத்தை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். உடலின் பரிணாமம் கயிற்றின் கடைசி மீட்டரிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. பால் ஒரு நல்ல உதாரணம். உலகில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் வயதோடு குறைந்துவிடுகிறது. கால்நடை வளர்த்த சில கூட்டங்களில் அது குறையாமல் தங்கிவிட்டது. எனவே பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், கேலி செய்ய விடாதீர்கள். கசப்பான கீரையைப் பிள்ளைகள் மறுத்தால் ஒரு தடவையோடு விட்டுவிடவும் வேண்டாம். பத்துத் தடவைக்கு மேல் சுவைத்த பிறகு பிடித்துப்போவதும் உண்டு.

வகுப்பில் யாரையும் எடை பார்க்காதீர்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து உணவைத் தவிர்த்தாலோ, ஒளிந்து சாப்பிட்டாலோ, தன் உடம்பைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்டாலோ பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்யுங்கள். கயிற்றை அடுத்த வாரம் விரித்துக்கொள்ளலாம்.