தொல்லையே தராத பிள்ளை

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக நான் பார்க்கும் குடும்பங்களில் கணிசமானவை, தாய் மட்டுமோ தந்தை மட்டுமோ தனித்துப் பிள்ளை வளர்ப்பவை. அவர்கள் அழைத்து வருவது பெரும்பாலும் அடம்பிடிக்கிற, படிப்பில் பின்தங்கிய, பள்ளியில் கைநீட்டுகிற பிள்ளையை. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை எழுவதில்லை, ஏனெனில் அவர்கள் தங்கள் வேதனையை வெளியே காட்டிவிடுகிறார்கள், பெரியவர்களும் கவனித்துவிடுகிறார்கள். "இவளால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, வயதுக்கு மீறிய பொறுப்பு" என்ற பெருமிதத்தோடு அறிமுகப்படுத்தப்படும் இன்னொரு பிள்ளை கூடவே வந்திருந்தால், என் கண் அந்தப் பக்கம்தான் போகும்.

அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மணமுறிவுக்குப் பின் இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்துவந்த ஒரு தாய், ஆறு வயது மகனின் கோபத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார். பேசும்போது அவர் குரல் கம்மியது. அருகிலிருந்த பதினோரு வயது மகள் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, தாயின் கையில் கொடுத்துவிட்டு, மறு கையால் தம்பியை நாற்காலியில் இழுத்து உட்கார வைத்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. உன் தோழிகள் யார் என்று நான் கேட்டதற்கு, பதில் சொல்லுமுன் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பின்னர் தனியே பேசியபோது, வாடகை எந்தத் தேதியில் கட்ட வேண்டும், இம்மாதம் எவ்வளவு குறைகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாக இருந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு வந்த தாளை மடித்துப் புத்தகப் பையின் அடியில் வைத்திருந்தாள். "அம்மாகிட்ட காட்டினா கஷ்டப்படுவாங்க" என்றாள்.

சால்வடோர் மினுசின், இவான் போசோர்மெனி-நாகி போன்ற குடும்ப சிகிச்சை முன்னோடிகள் 1960களிலும் 70களிலும் இந்த நிலையை விரிவாகப் பேசினார்கள்: வீட்டில் ஒரு பெரியவரின் இடம் காலியாகும்போது, பிள்ளை தானாகவே அதில் போய் அமர்ந்துகொள்கிறது. வீட்டு வேலையில் கைகொடுப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. செய்ததைப் பாராட்டி, விளையாட நேரமும் விட்டால், அது திறமையாகவே வளரும். தாயின் துயரத்தைத் தாங்குவது, கடன் கவலையைப் பங்கிட்டுக்கொள்வது, பிரிந்த தந்தைக்குச் செய்தி கொண்டுபோவது ஆகியவைதாம் சுமை. அவற்றைச் சுமக்கும் பிள்ளை அழுவதில்லை, கேட்பதில்லை, நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறது; காரணம் புலப்படாத வயிற்றுவலியோ, வெளியே போன தாய் திரும்பும்வரை உறங்காமல் கிடப்பதோதான் அடையாளம்.

இதைப் படித்துவிட்டு யாரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் பால் அமேட்டோவும் புரூஸ் கீத்தும் 92 ஆய்வுகளைத் தொகுத்து 1991-ல் வெளியிட்ட முடிவின்படி, மணமுறிவு கண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வேறுபாடு இருந்தது, ஆனால் அது சராசரியில் சிறியது. உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டனின் நீண்டகால ஆய்வில், மணமுறிவு கண்ட குடும்பங்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கடுமையான சிக்கல்கள் தென்பட்டன. பிரியாத குடும்பங்களில் அது சுமார் 10 விழுக்காடு. நாலில் மூன்று பிள்ளைகள் சமாளித்து மேலெழுந்தார்கள் என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் வருமானக் குறைவும், அடிக்கடி வீடும் பள்ளியும் மாறுவதும், ஓயாத சண்டையுமே. ஓயாமல் சண்டையிட்டபடி ஒரே கூரையின்கீழ் வாழும் பெற்றோரிடம் வளரும் பிள்ளையை விட, அமைதியான ஒரு தாயிடம் வளரும் பிள்ளை நன்றாக இருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

பெற்றோரை விட என்னைக் கோபப்படுத்துவது சுற்றத்தார்தான். தந்தையை இழந்த எட்டு வயதுச் சிறுவனின் தோளில் கைவைத்து, "இனிமேல் நீதான்டா அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று சொல்லும் பெரியவர்கள் அதைப் பரிவாகவே நினைக்கிறார்கள். அவனோ அதை நியமன ஆணையாக எடுத்துக்கொள்கிறான், துக்கப்படவும் தனக்கு நேரமில்லை என்று முடிவுசெய்துவிடுகிறான்.

தனித்து வளர்ப்பவரிடம் நான் கேட்டுக்கொள்வது சிலவே. பெரியவர் பேச்சுக்கு ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள். அக்காவோ, நண்பரோ, ஆலோசகரோ, யாராக இருந்தாலும் சரி. பணம் குறைவு என்பதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம், ஆனால் "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தோடு சேர்த்தே சொல்லுங்கள். ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தான் செய்த குறும்பினால்தான் அப்பா போய்விட்டார் என்று எளிதாக நம்பிவிடும். ஒருமுறை மறுத்தால் போதாது, கேட்காதபோதும் சொல்ல வேண்டும். உளவியலாளர் எமி வெர்னர், ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, அவர்களுள் கடும் இடர்களுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். நம்பகமான ஒரு பெரியவரின் நெருக்கம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அது பாட்டியாகவோ ஆசிரியராகவோகூட இருக்கலாம்.

அந்தத் தாயிடம் நான் சொன்னதும் இவ்வளவே. ஏழெட்டு வாரம் கழித்துப் பதற்றமாகத் தொலைபேசியில் அழைத்தார். தம்பியைக் குளிப்பாட்ட மாட்டேன் என்று மகள் கத்திவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாளாம். ஒருநாளும் இப்படிச் செய்தவள் இல்லையாம், ஏதேனும் கெட்டுப்போய்விட்டதா என்றார்.

"பிறகு யார் குளிப்பாட்டியது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார்.